கடை கட்ட அனுமதி கேட்டால் தெருவையும் நாங்களே போட்டுத்தர வேண்டுமா?

தமிழ்நாட்டின் ஒரு நகராட்சி எல்லைக்குள் மனை வைத்திருக்கும் வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியாத அளவுக்குச் சுருக்கித் தருகிறேன். தந்தை விட்டுச்சென்ற 40 சென்ட் மனை, இவருக்கும் வெளிநாட்டில் வேலை பார்க்கும் அண்ணனுக்கும் பொதுவில் இருக்கிறது. நகராட்சிச் சாலையை ஒட்டிய முகப்பு 30 மீட்டர். தரைத்தளமும் இரண்டு மாடிகளுமாகக் கடைகள் கட்டி வாடகைக்கு விடலாம் என்று வங்கியில் மனையை அடமானம் வைத்துக் கடனும் வாங்கிவிட்டார்கள். சாலையின் இன்றைய அகலம் 9 மீட்டர். விரிவான வளர்ச்சித் திட்டத்தில் அது 12 மீட்டராகக் காட்டப்பட்டிருக்கிறது.

திட்ட அனுமதிக்கு விண்ணப்பித்த பிறகு நான்கு கோரிக்கைகள் வந்திருக்கின்றன. ஒன்று, எதிர்ப்புறம் அரசுப் பள்ளியின் சுற்றுச்சுவர் இருப்பதால் விரிவாக்கத்துக்கான 3 மீட்டரையும் இவர்கள் பக்கத்திலேயே விட்டுத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும். இரண்டு, மனையில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும் அல்லது அதற்குரிய பணத்தைக் கட்ட வேண்டும். இதைச் சொன்னவர் வரைபடம் போட்ட பொறியாளர். மூன்று, வளர்ச்சிக் கட்டணமும் உட்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணமும் செலுத்த வேண்டும். இது எழுத்தில் வந்திருக்கிறது. நான்கு, முகப்பு முழுவதும் மழைநீர் வடிகாலும் நடைபாதையும் சொந்தச் செலவில் கட்டி, இடையில் நிற்கும் ஒரு மின்கம்பத்தையும் மாற்றித்தர வேண்டும், இது வாய்மொழி. இவற்றோடு, “அதிகாரிகள் அவ்வப்போது கூறும் சாலைப் பணிகள் அனைத்தையும் எங்கள் செலவில் செய்து தருவோம்” என்று முத்திரைத்தாளில் ஓர் உறுதிமொழியும் கேட்டிருக்கிறார்கள். “பக்கத்து வளாகத்துக்காரர் நான்கு வருடத்துக்கு முன் ஓரடி கூட விடாமல் கட்டினாரே, எங்களுக்கு மட்டும் ஏன்? நேரே உயர் நீதிமன்றம் போய்விடலாமா?” என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகி, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான்கு கோரிக்கைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி “பகல் கொள்ளை” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மூட்டையைப் பிரிக்காமல் நீதிமன்றம் போனால் வெல்ல வேண்டியதையும் சேர்த்துத் தோற்பீர்கள். உங்களிடம் கேட்கப்படுவது நிலம், பணம், வேலை என்ற மூன்று வெவ்வேறு பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் சட்ட அடிப்படை வேறு, அதை எதிர்க்கும் வழியும் வேறு. கேட்பவரிடம் நீங்கள் வைக்க வேண்டிய கேள்வி மட்டும் ஒன்றுதான்: இது எந்தச் சட்டப் பிரிவின், எந்த விதியின் கீழ்?

நிலம்: ஒன்றரை மீட்டரா, மூன்று மீட்டரா?

இலவசமாக நிலம் கேட்பதே சட்டவிரோதம் என்ற உங்கள் எண்ணத்தை முதலில் திருத்திக்கொள்ள வேண்டும். அரசியலமைப்பின் 300ஏ உறுப்பு, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் ஒருவருடைய சொத்தைப் பறிக்கக் கூடாது என்கிறது. சட்டத்தின் அதிகாரம் இருந்தால்? சென்னையில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில் பத்து சதவீதத் திறந்தவெளியை இலவசமாக ஒப்படைக்கச் சொல்லும் விதியை எதிர்த்து வசந்த் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர்கள் சங்கம் தொடுத்த வழக்கில், 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றே தீர்ப்பளித்தது. அதற்கு முன், டெல்லி மாநகராட்சிக்கு எதிரான பண்டித சேத் ராம் வசிஷ்ட் வழக்கில், மனைப்பிரிவு உரிமையாளர் பூங்காவுக்கு ஒதுக்கிய நிலத்தைத் தனக்கு இலவசமாக மாற்றித்தரச் சொல்ல மாநகராட்சிக்கு அதிகாரம் இல்லை என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. அப்படிக் கேட்க அங்கே சட்டத்தில் இடம் இருக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால், எழுதிய விதி இருக்கிறதா என்பதே தராசின் முள் என்று தெரியும்.

உங்கள் விஷயத்தில் அந்த “எழுதிய விதி” திட்ட வரைபடம்தான். 9 மீட்டர்ச் சாலை 12 மீட்டராக வேண்டும் என்றால் கூடுதலாகத் தேவைப்படுவது 3 மீட்டர். அதை மையக்கோட்டிலிருந்து இருபுறமும் சமமாக எடுப்பதா, ஒரே பக்கத்தில் எடுப்பதா என்பதை வரைபடத்தில் போட்டிருக்கும் சாலைக்கோடு முடிவு செய்கிறது. எதிரே பள்ளிச் சுவர் இருக்கிறது, அதை இடிக்க முடியாது என்பது நிர்வாக வசதி. அது உங்கள் நிலத்தின் மீது உரிமை தராது. 30 மீட்டர் முகப்பில் ஒன்றரை மீட்டர் என்றால் 45 சதுர மீட்டர், ஏறத்தாழ ஒரு சென்ட்டும் கொஞ்சமும். மூன்று மீட்டர் என்றால் 90. ஆகவே விரிவான வளர்ச்சித் திட்டத்தின் சான்றிட்ட வரைபட நகலையும், உங்கள் சர்வே எண்ணுக்குரிய சாலைக்கோட்டு விவரத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள்; 30 நாளில் பதில் தர வேண்டும். அந்த நகல் கைக்கு வரும்வரை தானப்பத்திர வரைவில் எந்த அளவையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இங்கே இன்னொரு சட்ட வாதமும் உண்டு. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971இன் 38ஆம் பிரிவின்படி, திட்டம் பற்றிய அறிவிப்பு 26 அல்லது 27ஆம் பிரிவின் கீழ் அரசிதழில் வெளியான மூன்று ஆண்டுகளுக்குள், ஒதுக்கப்பட்ட நிலத்தைக் கையகப்படுத்துவதற்கான அறிவிக்கையோ உடன்பாட்டின் பேரில் வாங்குதலோ நடக்கவில்லை என்றால், அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுவிக்கப்பட்டதாகக் கருதப்படும். உங்கள் ஊர்த் திட்டம் பழையது என்று எழுதியிருக்கிறீர்கள். தேதியைப் பார்த்தால் இந்த வாதம் உங்களுக்குக் கிடைக்கலாம். ஆனால் அதை முதல் ஆயுதமாக எடுக்க நான் சொல்ல மாட்டேன். உங்களுக்குக் கட்டடம் வேண்டும், கடன் வட்டி ஓடுகிறது. ஒன்றரை மீட்டரைக் கொடுத்து அனுமதி வாங்குவதும், மூன்று மீட்டர் கேட்டால் மட்டும் 38ஆம் பிரிவைக் கையில் எடுப்பதும்தான் நடைமுறைக்கு ஒத்து வரும். கொடுக்கவே கூடாது என்பது உங்கள் முடிவானால், நகராட்சிக்கு அந்த நிலம் தேவைப்படும்போது இழப்பீடு கொடுத்துக் கையகப்படுத்தட்டும் என்று நிற்கலாம். அந்த வழக்கு முடிகிறவரை செங்கல் ஏறாது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

“நிலத்தைக் கொடுத்தால் எங்கள் சாலை 12 மீட்டர்ச் சாலை ஆகிவிடும், கூடுதல் மாடி கிடைக்கும்” என்று அண்ணன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. உங்கள் மனைக்கு முன்னால் மட்டும் 30 மீட்டர் நீளத்துக்குச் சாலை பிதுங்கி நிற்கும். அகலத்தைக் கணக்கிடுகிறவர்கள் உங்கள் வாசலில் மட்டும் டேப் பிடிப்பதில்லை, மனைக்கு வந்து சேரும் சாலையைப் பார்ப்பார்கள்.

தானப்பத்திரம் எழுதும்போது

இதைச் சற்று விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான சிக்கல்கள் இங்கேதான் முளைக்கின்றன. என்னிடம் வந்த ஒரு கோப்பில், பத்திரத்தின் சொத்து விவரத்தில் “வடபுறம் சாலையை ஒட்டி 1.5 மீட்டர் அகலம்” என்று மட்டும் எழுதி, வரைபடம் இணைக்காமல் பதிவு செய்திருந்தார்கள். இரண்டு வருடம் கழித்து உட்பிரிவு செய்ய வந்த நில அளவர், மூலையில் இருந்த எல்லைக்கல்லிலிருந்து அளக்காமல், உள்ளே பழைய வேலிக்கு நட்டிருந்த கல்லிலிருந்து அளந்துவிட்டார். கட்டி முடித்த கடையின் படிக்கட்டு நகராட்சி நிலத்தில் நின்றது. கல் நட்டவர் அந்தக் குடும்பத்தின் தாத்தா. எனவே அளவுகளும் எல்லைக்கற்களும் குறித்த வரைபடத்தைப் பத்திரத்தின் பகுதியாகவே இணையுங்கள். பதிவான கையோடு உட்பிரிவு செய்து, கொடுத்த பகுதி உங்கள் பட்டாவிலிருந்து நீங்கியதா என்று பாருங்கள்.

நீங்கள் இருவரும் பொது உரிமையாளர்கள். ஒருவர் மட்டும் கையெழுத்திட்டால் போதாது. அண்ணன் உங்களுக்குத் தந்திருக்கும் பொது அதிகாரப் பத்திரத்தில் தானம் எழுதிக்கொடுக்கும் அதிகாரம் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விற்கவும் அடமானம் வைக்கவும் அதிகாரம் உண்டு என்று எழுதியிருப்பதால் தானம் கொடுக்கவும் உண்டு என்று யாரும் ஊகித்துக்கொள்ள மாட்டார்கள். மனை வங்கியின் அடமானத்தில் இருப்பதால் வங்கியின் எழுத்துமூல இசைவும் வேண்டும். அதைக் கேட்காமல் முகப்புப் பகுதியைத் தானமாகக் கொடுப்பது கடன் ஒப்பந்தத்தை மீறியதாகும்.

இன்னொன்று, பரப்புக் கணக்கு. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில், உயரமாடிக் கட்டடம் அல்லாதவற்றுக்கு எஃப்.எஸ்.ஐ. என்கிற தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது மனைப் பரப்பைப்போல் இரண்டு மடங்குத் தளப்பரப்பு கட்டலாம். கொடுத்த 45 சதுர மீட்டரைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டால் 90 சதுர மீட்டர்த் தளப்பரப்பு கைநழுவும். சாலைக்குக் கொடுத்த பரப்பையும் மனையின் பரப்பில் சேர்த்துக் கணக்கிடும்படி விண்ணப்பத்திலேயே கோருங்கள். வரைபடத்தின் பரப்பு விவரப் பட்டியலில் அது பதிவாகியிருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். அதே சமயம், முன்புறம் விட வேண்டிய இடைவெளி இனிமேல் புதிய சாலைக்கோட்டிலிருந்து அளக்கப்படும். ஆகவே வரைபடத்தில் கட்டடத்தை உள்ளே தள்ள வேண்டிவரும். நிலத்தின் வழிகாட்டி மதிப்பைப் பெருக்கிப் பார்த்து வருந்துகிறவர்கள், வாகன நிறுத்தத்தில் இரண்டு கார் குறைவதைக் கவனிப்பதில்லை.

பணம்: உங்களுக்குப் பொருந்தாத பத்து சதவீதம்

பொறியாளர் சொன்ன திறந்தவெளி ஒதுக்கீடு, ஊரில் ஓ.எஸ்.ஆர். என்று சொல்வது, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளுக்குத்தான். உங்கள் 40 சென்ட் என்பது சுமார் 1,619 சதுர மீட்டர். கேள்வியே எழாது. பொறியாளர் வேறொரு பெரிய மனையின் கணக்கை உங்களுக்குச் சொல்லியிருக்கிறார் என்றே நினைக்கிறேன்; யாராவது இதற்குப் பணம் கேட்டால் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

வளர்ச்சிக் கட்டணமும் உட்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணமும் அப்படி இல்லை. இரண்டும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேர் உள்ளவை. இரண்டாவதற்கு 2008இல் தனி விதிகளே வந்தன. கணக்கு சரியா என்று சரிபார்க்கலாம்; கட்ட மாட்டேன் என்று சொல்ல இயலாது. ஆனால் இந்த இரண்டாவது கட்டணத்தின் பெயரை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். புதிய கட்டடங்களால் சாலை, குடிநீர், வடிகால் ஆகியவற்றின் மீது ஏறும் சுமையைச் சமாளிக்கத்தான் இது வசூலிக்கப்படுகிறது. அதைக் கட்டிய ரசீது, அடுத்த கோரிக்கைக்கு நீங்கள் வைக்கும் பதிலில் முதல் இணைப்பாக இருக்க வேண்டும்.

வேலை: வடிகால், நடைபாதை, மின்கம்பம்

பல வெளிநாடுகளில் வணிக மனையை மேம்படுத்துகிறவர் தன் முகப்பின் நீளத்துக்கு நடைபாதை, விளிம்புக்கல், வடிகால், தெருவிளக்கு எல்லாவற்றையும் அமைத்து நகராட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது எழுதிய விதி. நம்மிடம் புதிய மனைப்பிரிவு போடுகிறவருக்கு அப்படிப்பட்ட கடமை உண்டு. மனைப்பிரிவின் சாலைகளை அவர் அமைத்துத்தான் ஒப்படைக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் நகராட்சிச் சாலையை ஒட்டித் தனிக்கட்டடம் கட்டுகிற உங்களிடம் அதையே கேட்பவர், அதற்கான விதியைக் காட்ட வேண்டும். அகமதாபாத் நகர்ப்புற வளர்ச்சி ஆணையம் தொடர்பான 1992ஆம் ஆண்டு வழக்கில், சட்டம் வெளிப்படையாக அதிகாரம் தராதபோது வளர்ச்சிக் கட்டணம் வசூலிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பணமாகக் கேட்க முடியாததைக் கான்கிரீட்டாகக் கேட்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

செய்த வேலைக்கு ஈடு கிடைத்த வழக்குகளும் உண்டு. கோத்ரெஜ் அண்டு பாய்ஸ் வழக்கில் 2009இலும், குக்ரேஜா கட்டுமான நிறுவன வழக்கில் 2024இலும், நிலத்தை ஒப்படைத்ததோடு அதில் சாலை முதலிய வசதிகளையும் தங்கள் செலவில் அமைத்த உரிமையாளர்களுக்கு, அந்த வேலைக்காகவும் டி.டி.ஆர். என்கிற மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை (பணத்துக்குப் பதிலாகக் கிடைக்கும், வேறிடத்தில் பயன்படுத்தவோ பிறருக்கு விற்கவோ கூடிய கூடுதல் கட்டட உரிமை) தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவை மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் எழுந்தவை, அங்கே அதற்கென விதி எழுதியிருந்தது. ஆகவே அதை அப்படியே இங்கே கேட்க முடியாது. நம் விதிகளிலும் டி.டி.ஆர். ஏற்பாடு இருப்பதால், நிலத்துக்காவது அது உங்களுக்குப் பொருந்துமா என்று விண்ணப்பிக்கும் கட்டத்திலேயே எழுதிக் கேளுங்கள். தானம் கொடுத்து முடித்த பிறகு கேட்பது காது குத்திய பின் கம்மல் பேரம் பேசுவது போல.

சட்டம் இருக்கட்டும், வேலையின் இயல்பையும் யோசியுங்கள். மேலே இருந்து வரும் வடிகாலின் தரைமட்டமும் கீழே போய்ச் சேரும் வடிகாலின் தரைமட்டமும் தெரியாமல் நடுவில் 30 மீட்டருக்கு மட்டும் கட்டினால், முதல் மழையில் நிரம்பும். பிறகு கொசு வளர்ப்பீர்கள். அடுத்த வருடம் நகராட்சி தெரு முழுவதற்கும் ஒப்பந்தம் விடும்போது உங்கள் துண்டை உடைத்துவிட்டு மறுபடி கட்டுவார்கள். நடைபாதைக்கும் அளவு உண்டு. இந்திய சாலைப் பேராயத்தின் 103ஆம் எண் வழிகாட்டி, தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் என்றும், விளிம்புக்கல்லின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்கிறது. அண்டைக் கடைக்காரர்கள் முழங்கால் உயரத்துக்குக் கட்டிய மேடையைப் பார்த்து நீங்களும் கட்டிவிடாதீர்கள். முதியவர்கள் ஏறமுடியாமல் சாலையில் இறங்கி நடப்பது அதனால்தான்.

எனவே வேலையை நீங்களே ஆள் வைத்துச் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நல்லுறவுக்காக ஏதாவது செய்யத்தான் விரும்புகிறீர்கள் என்றால், நகராட்சிப் பொறியாளர் தயாரித்த மதிப்பீட்டின்படி டெபாசிட் வேலையாகப் பணம் கட்டி, ரசீது வாங்கி, அவர்களையே செய்யச் சொல்லுங்கள். அந்த நிலமும் வடிகாலும் நகராட்சியுடையவை. எழுத்துமூல உத்தரவு இல்லாமல் நீங்கள் தோண்டினால் அது சாலையைச் சேதப்படுத்திய குற்றமாகவும் திரும்பலாம்; தோண்டிய குழியில் யாராவது விழுந்தால் இழப்பீட்டு வழக்கு உங்கள் பெயருக்குத்தான் வரும். மின்கம்பம் உங்கள் வாகன வழியில் நின்றால் மாற்றும் செலவு உங்களுடையது, மின்வாரியத்திடம் மதிப்பீடு வாங்கிக் கட்டுங்கள். சாலை விரிவாக்கத்துக்காக மாற்றப்படுகிறது என்றால் அது நகராட்சியின் செலவு. கம்பம் எங்கே நிற்கிறது என்று புகைப்படம் எடுத்து வையுங்கள்.

கடை முன்னால் விட்டுக்கொடுத்த இடத்தில் வாடிக்கையாளர் வண்டிகளை நிறுத்தலாம் என்ற வரி உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. தானம் பதிவான நிமிடமே அது பொதுச்சாலை. உங்கள் படிக்கட்டும் சாய்தளமும் மனைக்குள்ளேயே தொடங்கி மனைக்குள்ளேயே முடிய வேண்டும்.

பக்கத்து வளாகமும் உயர் நீதிமன்றமும்

பக்கத்து வளாகம் ஓரடி விடவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்பு தவறில் சமத்துவம் தருவதில்லை; அவருக்குச் செய்த தவற்றை எனக்கும் செய்யுங்கள் என்று கேட்க முடியாது. அவருடைய அனுமதி நகலைக் கேட்டுப் பெறுவதில் ஒரே ஒரு பயன் உண்டு. அவரிடம் ஒன்றரை மீட்டர் மட்டும் கேட்டு எழுதிய கடிதம் அந்தக் கோப்பில் இருந்தால், உங்களிடம் மூன்று கேட்பதை உடைக்க அது உதவும்.

உயர் நீதிமன்றத்துக்கு 226ஆம் உறுப்பின் கீழ் ரிட் மனுவுடன் இப்போதே போனால், “உங்களுக்கு எதிரான உத்தரவு எங்கே?” என்பதே முதல் கேள்வியாக இருக்கும். வாய்மொழிக்கு எதிராக ரிட் நிற்பது கடினம். முதலில் ஆணையருக்கும் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதுங்கள். சாலைக்கோட்டின்படி 1.5 மீட்டரைத் தரத் தயார், கட்டணங்களைச் செலுத்தத் தயார், மீதமுள்ளவற்றுக்குப் பிரிவையும் விதியையும் குறிப்பிட்டு உத்தரவு தாருங்கள் என்று கேட்டால் போதும். நிபந்தனையுடன் அனுமதி வந்தாலோ மறுப்பு வந்தாலோ, அதே சட்டத்தின் 79ஆம் பிரிவில் மேல்முறையீடு இருக்கிறது. அதற்குக் காலவரம்பும் இருப்பதால், உத்தரவு கைக்கு வந்த தேதியை உறையின் மீதே குறித்து உறையையும் வைத்துக்கொள்ளுங்கள். பதிலே வராமல் இழுத்தடித்தால், விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்க உத்தரவிடக் கோரி அப்போது ரிட் போடலாம். அந்த மனு எளிதாக நிற்கும். அவசரத்துக்கு ஏதாவது ஒரு தொகையைக் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், “எங்கள் உரிமைகளுக்கு ஊறு நேராத வகையில், ஆட்சேபத்துடன் செலுத்துகிறோம்” என்று முகப்புக் கடிதத்தில் எழுதிவிட்டுக் கட்டுங்கள்.

கடைசியாக, அந்த முத்திரைத்தாள். “அதிகாரிகள் அவ்வப்போது கூறும்” என்ற மூன்று சொற்கள் இருக்கும்வரை அதில் நீங்களும் கையெழுத்திட வேண்டாம், அண்ணனுக்காகவும் கையெழுத்திட வேண்டாம். அதற்குப் பதிலாக, என்ன வேலை, எத்தனை மீட்டர், யார் செலவு, எந்த விதியின் கீழ் என்று ஒவ்வொன்றையும் எழுதிய வரைவை நீங்களே தயாரித்துக் கொடுங்கள். அதை வாங்க மறுத்தால், மறுத்த தேதியையும் மறுத்தவரின் பதவியையும் குறித்துக்கொண்டு, அந்த வரைவையே பதிவுத் தபாலில் அனுப்பிவையுங்கள்.